மாப்பிள்ளை அறை

"மாப்பிள்ளைக்கு வீடுன்னு ஒண்ணு கிடையாது தம்பி, அவருக்கு உள்ளதெல்லாம்…" என்று ஆரம்பித்த மூசா அப்பா அதை என்ன சொல்லி முடித்தார் என்பது மட்டும் ஷாதுலிக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. மரியாதைதான் என்று முடித்தாரா, ஒரு தலையணைதான் என்றாரா, வந்துபோகிற நேரந்தான் என்றாரா. பெண் வீட்டுப் பெரியவர் என்ற முறையில் கல்யாணப் பந்தலில் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசியவர், சரியாக அந்த இடத்தில் ஏதோ ஒரு சொல்லைப் போட, பந்தலே சிரித்தது. அவனும் சிரித்தான். மாலையின் ஜிகினா கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது, யாரோ பன்னீரைக் கண்ணுக்குள்ளேயே தெளித்துவிட்டார்கள், அந்த எரிச்சலில் சொல் நழுவிப் போனது. இருபத்து நாலு வருஷம் அது தேவைப்படவே இல்லை. இன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடியில் வந்து பாயில் சாய்ந்ததிலிருந்து, பல்லிடுக்கில் மாட்டிய இறைச்சி நார் மாதிரி, நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது. மூசா அப்பா மவுத்தாகி எத்தனையோ காலம். கேட்க ஆளில்லை. கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது, இன்றைக்குச் சொல்லவேண்டிய பதில் வேறு. வியட்நாமில் ஹைஃபாங் என்கிற துறைமுக ஊரிலிருந்து லான் நேற்றே எழுதிவிட்டாள். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் எடுக்கிற பெண். மகளுக்குக் கல்யாணம் என்று கேட்டபோது ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிக் கொடுத்தார்கள், இனி முடியாது, பதினைந்தாம் தேதி விமானம், வருகிறீர்களா இல்லையா, நாளை மாலை பள்ளி மூடுவதற்குள் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட்டாகவேண்டும், மன்னிக்கவும். மன்னிக்கவும் போடாமல் அவள் ஒரு வாக்கியம் எழுதியதில்லை. அவள் சொன்ன நாளை இன்றாகி, இன்றும் பாதி போய்விட்டது. போகலாம், அல்லது மகள் ஹஃப்ஸா கேட்கிறபடி அவள் பிரசவம் வரைக்கும் இங்கேயே இருந்துவிடலாம். ரெண்டே ரெண்டு வழி. ரெண்டு வழி உள்ளவன் எழுந்து ஒன்றில் நடக்கவேண்டியதுதானே, இப்படிப் படுத்துக்கொண்டு கூரை விசிறியின் எந்த இறக்கையில் தூசி அதிகம் என்று பார்த்துக்கொண்டிருப்பானா ஒருத்தன்.

தாகமாக இருந்தது. கூஜா காலி. கீழே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் படி இறங்கினால் கூடம், கூடத்துக்கு எதிரே அந்த அறை, அறைக்குள் ஜுபைர் தூங்குகிறான். புது மருமகன். புதுசு என்று இனிமேல் சொல்லலாமோ, ஐந்து மாதம் ஆகிவிட்டது, ஹாங்காங்கில் அவன் மாமாவின் கடை இடம் மாறுகிறது என்று நீண்ட லீவு கிடைத்தது, அடுத்த வாரம் திரும்புகிறான். தங்கமான பையன். அதுதான் கஷ்டம். ஷாதுலியைப் பார்த்தால் படுத்திருந்தாலும் எழுந்து நிற்பான், சாய்ந்திருந்தால் நிமிர்வான், போனில் பேசிக்கொண்டிருந்தால் வைத்துவிடுவான். ஒரு மனிதனை ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுப்பி எழுப்பி உட்காரவைப்பது. ஆகவே மத்தியானங்களில் ஷாதுலி மாடியிலேயே இருந்துவிடுகிறான். கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை தண்ணீர் தாகம், மூத்திரம், வெளியே போகும் ஆசை எல்லாவற்றையும் அடக்கிவைத்துக்கொள்கிறான். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய மாமனார் இதே படிக்கு மேலே இதே மாதிரி படுத்து, கீழே இவன் கதவைத் திறக்கும் சத்தத்துக்குக் காத்திருந்திருப்பார் இல்லையா. அவர் இருமுவார். மேலிருந்து ஒரு இருமல் வரும், கொஞ்ச நேரம் கழித்துக் கால் தெரியும். மனுஷனுக்கு ஆஸ்துமா என்றே இவன் அப்போது நினைத்திருந்தான்.

இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. திருச்செந்தூர் ரயிலில் எதிரே உட்காருகிறவர்களுக்கு இதை விளக்கி விளக்கி அவனுக்கு வாய் பழகிவிட்டது. பெண் பிறந்தால் வீடு கட்டவேண்டும், அல்லது இருக்கிற வீட்டில் அவளுக்கென்று ஒரு அறை எடுக்கவேண்டும். கல்யாணமானால் பெண் எங்கும் போவதில்லை. ஆண்தான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உம்மா வீட்டிலிருந்து வந்துசேருவான். அப்படியா, ரொம்ப நல்ல பழக்கமாச்சே என்பார்கள் எதிர் சீட்டுப் பெண்கள், புருஷனைத் திரும்பிப் பார்த்தபடி. நல்ல பழக்கம்தான், அவனும் அப்படித்தான் சொல்வான், மனப்பூர்வமாகத்தான். உம்மா வீடு அக்கா ஜுலைஹா லாத்தாவுக்குப் போனது. அந்த வீட்டில் அவன் படுத்த இடத்தில் இப்போது மச்சானின் தையல் மெஷின் நிற்கிறது. கல்யாணமாகி மைமூன் வீட்டுக்கு வந்தான். மைமூனின் வீடு இப்போது ஹஃப்ஸாவின் வீடு. மைமூன் போய் ஒரு வருஷம் ஆகிறது, போன ரமலானுக்கு முந்தின மாதம், சிறுநீரகம். போவதற்கு முன்பே மகளுக்கு மாப்பிள்ளையைப் பேசி முடித்து, அறைக்கு என்ன நிறத்தில் சுண்ணாம்பு அடிப்பது என்பதுவரை அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள். இளம் பச்சை. புருஷன் எங்கே படுப்பான் என்பதைச் சொல்ல மறந்தாள். மறந்தாளா, அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று விட்டாளா. அவள் வாப்பா மாடிக்குப் போன மாதிரி இவனும் போவான், இதைப் போய் வாய்விட்டுச் சொல்லுவார்களா.

இந்த ஒரு வருஷத்தை யாராவது வெளியிலிருந்து பார்த்தால் இவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள், சொன்னார்கள். முதலில் சிகரெட் போனது. ஜித்தாவில் வேலைபார்த்த பத்து வருஷம் மேல்கட்டிலில் படுத்துப் பழகிய பழக்கம், மைமூன் எத்தனை சண்டை போட்டும் போகாதது, அவள் போன மூன்றாம் நாள் பாக்கெட்டை எடுத்தான், நெருப்பைப் பற்றவைக்கத் தோன்றவில்லை. இப்போது கிராம்பு. அப்புறம் தலைச்சாயம் போனது. கண்ணாடி வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷமாக எடுத்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு இங்கிலீஷை விட்டான். கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெண், அவன் மகள் வயதிருக்கும், இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு அதை எப்படிச் சொல்லித்தருவது என்று இவனுக்குச் சொல்லித்தந்தாள். கையை ஆட்டுங்கள் ஷாதுலி, முகத்தை அசையுங்கள், நீங்கள் சிலை மாதிரி நிற்கிறீர்கள். நாற்பத்தொன்பது வயதில் கையை ஆட்டக் கற்றுக்கொண்டான். மாடி அறையில், சுவரோரம் அடுக்கிய சஹன் தட்டுகளுக்கும் விருந்துத் தேக்சாக்களுக்கும் சுருட்டிவைத்த ஜமுக்காளங்களுக்கும் முன்னால் நின்றுகொண்டு, யானை நடப்பதையும் பல் துலக்குவதையும் நடித்துக் காட்டினான். ஒரு நாள் மைமூனின் உம்மா, மாமி, மாடி ஏன் அதிர்கிறது என்று படியில் பாதி ஏறி வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய், அன்று சாயங்காலம் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தனுப்பினார். குடித்தான். நல்ல குளிர்ச்சியாக இருந்தது.

டீக்கடையில் சதக் விடவில்லை. கூடப் படித்தவன், வாய் நீளம். "ஏண்டா, உன் இங்கிலீஷைக் கேட்டு எட்டாங்கிளாஸ் பயலுவளே ஓடுறானுவ, இனி கடல் தாண்டிப் போய் ஓட்டப் போறியாக்கும்?" என்றான். "அங்க ஓடமாட்டாங்க, மரியாதை தெரிஞ்ச பிள்ளைங்க" என்றான் இவன். "அம்பதுல ஆம்பிளைக்கு ரெண்டு கிறுக்கு வரும். ஒண்ணு ரெண்டாங் கல்யாணம், இன்னொண்ணு இது. நீ முன்னதையே பண்ணியிருக்கலாம்ல, எங்களுக்கு ஒரு வேளை களறிச் சாப்பாடாவது கிடைச்சிருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினதும் சதக் கிளாஸை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வேற எங்கடா இருப்பே, யோசிச்சியா?" என்றான். அது கேலியில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இத்தா உண்டு, நாலு மாசமும் பத்து நாளும் அவளை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ஆணுக்கு அந்த வசதி கிடையாது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து சஹன்களைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் ஜுலைஹா லாத்தா வந்துவிட்டாள். தெற்குத் தெருவில் ஒரு அம்மா, புருஷன் இல்லை, பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு, நல்ல விசாலமான வீடு, கிணறு உண்டு, மாடி உண்டு. "வீடு நல்ல காத்தோட்டம்டா" என்றாள் லாத்தா. அந்த அம்மாவின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டாள், வீட்டைப் பற்றி மட்டும் சொன்னாள். இவன், "அவங்க எப்படி, காத்தோட்டமா இருப்பாங்களா?" என்றான். லாத்தா கையிலிருந்த விசிறியால் முதுகில் ஒன்று போட்டாள். அடித்துவிட்டு அழுதாள். "உனக்குன்னு ஒரு கதவு வேணாமாடா." அவள் தன் வீட்டுக் கதவைச் சொல்லவில்லை. அவளால் சொல்ல முடியாது, அது அவள் மகள்களின் கதவு. அவள் மூன்று பெண்களைப் பெற்றவள், மூன்று மாப்பிள்ளைகள், அந்த வீட்டில் மச்சானே தையல் மெஷினுக்கு அடியில் தூங்குகிறவர். இங்கே வாடகைக்கு ஒரு வீடு பிடித்துத் தனியாக இருந்தால்தான் என்ன என்று சதக்கிடம் கேட்டபோது அவன் கேலிகூடச் செய்யவில்லை. தனி ஆம்பிளைக்கு எந்தப் பெண் தன் வீட்டை விடுவாள் இந்த ஊரில், கதவுக்குப் பின்னால் யார் இருந்து பதில் சொல்வார்கள்.

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. மொட்டைமாடிக் குழாயில் கை கால் முகம் கழுவி ஒளு செய்தான், தண்ணீர் கொதித்தது, அதையே ஒரு கை அள்ளிக் குடிக்கலாமா என்று யோசித்துவிட்டு வாய் கொப்பளித்துத் துப்பினான். தொழுகையில் நின்றால் லானின் வீடியோ வந்து நிற்கிறது. ஆசிரியர்கள் தங்கும் இடம் என்று அவள் போனில் படம் பிடித்து அனுப்பியது. குறுகலான ஒரு கட்டடம், நாலாவது மாடி, அவள் கை ஒரு சாவியைப் போட்டுத் திறக்கிறது, கதவு திறந்ததும் படம் ஒரு சுற்று சுற்றுகிறது, ஒரு கட்டில், ஒரு மேஜை, சுடுதண்ணீர்ப் பாத்திரம், ஜன்னலுக்கு வெளியே யாரோ காயப்போட்ட துணி. அவ்வளவுதான். அதை அவன் எத்தனை முறை பார்த்திருப்பான். பாடம் எடுக்கிற வகுப்பறையின் வீடியோவும் அதோடு வந்தது, அதை ஒரு தடவைதான் பார்த்தான். ரக்அத் மூன்றா நாலா. சந்தேகம் வந்து இன்னொன்று எழுந்தான். இங்கிலீஷ் மேல் ஆசை, பிள்ளைகள் மேல் ஆசை, உலகம் பார்க்கும் ஆசை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தானே, பேட்டியில்கூட அப்படித்தான் சொன்னான், பொய் சொல்லவில்லை, ஆனால் ராத்திரி தூக்கம் வராதபோது காதுக்குள் வருவது அந்தச் சாவி திரும்புகிற சத்தம்தான். உம்மா வீட்டில் அவனிடம் சாவி இருந்ததில்லை, வீட்டில் எப்போதும் பெண்கள் இருந்தார்கள், கதவு உள்ளிருந்து திறக்கும். ஜித்தாவில் ஆறு பேருக்கு ஒரு சாவி. இங்கே மைமூன் திறப்பாள். தட்டக்கூட வேண்டாம், முடுக்கில் அவன் செருப்புச் சத்தம் கேட்டே திறந்துவிடுவாள். அதைக் குறையென்று ஒரு நாளும் நினைத்ததில்லை. குறையே இல்லை அது. பிறகு எதற்கு அந்தச் சத்தம். ஸலாம் கொடுத்து முடித்தபின்தான் ஞாபகம் வந்தது, மாதிரி வகுப்பில் லான் கொடுத்த பாடமும் வீடுதான். பெட்டிக்குள் பெட்டியாகத் தெரிந்த பதினோரு சின்ன முகங்களுக்கு முன்னால் ஒரு வீட்டை வரைந்து, இது சமையலறை, இது படுக்கையறை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். ஒரு பெண்குழந்தை, முன்பல் இரண்டும் இல்லை, டீச்சர் உங்க ரூமைக் காட்டுங்க என்றாள். கம்ப்யூட்டரைத் திருப்பினான். தேக்சாக்களைப் பார்த்து அவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள், டீச்சர் ஒரு ஹோட்டலில் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளை முடிவுகட்டிவிட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டான். வேலை கிடைத்தது.

போய் என்ன செய்வான், தனியாக ஒரு ராத்திரி நெஞ்சு வலித்தால் எந்தப் பாஷையில் கத்துவான், மவுத்தாகிவிட்டால் அங்கே கபரஸ்தான் இருக்கிறதா, யார் குளிப்பாட்டுவார்கள், சாவியை உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டவனை யார் வந்து திறப்பது. சரி, இருந்துவிட்டால். இருந்தால் இந்தப் படி. இந்த விசிறி. இருமல். நேற்று நடந்ததுபோல் இன்னொரு நேற்று. நேற்று வேண்டாம். காலையிலிருந்து எத்தனை தடவை மனம் அந்தப் பக்கம் போய், சூடான தோசைக்கல்லைத் தொட்ட விரல் மாதிரி திரும்பி வந்துவிட்டது. மூசா அப்பா சொன்ன சொல்லைத் தேடுவதுகூட இதை நினைக்காமல் இருப்பதற்காகத்தானோ என்னவோ. ஜித்தாவில் பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடுவான், அதை நினை. ஹஃப்ஸா பிறந்த செய்தி வந்தபோது எல்லாருக்கும் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தான், அதை நினை. ரெண்டு வயதில்தான் அவளைப் பார்த்தான், இந்த மாமா யாரு என்று உம்மாவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டாள், வேண்டாம், அதையும் நினைக்காதே.

நேற்று அவன் திருநெல்வேலிக்கு, வியட்நாம் வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போய் வந்தான். வெயில். பஸ்ஸில் உட்கார இடமில்லை. முந்தின ராத்திரி சரியான தூக்கமும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்குக் கூடம் முழுக்க இருட்டாக இருந்தது, கண் தேவைப்படவும் இல்லை, கால் தானாகவே நடந்தது. செருப்பை இடது பக்கம் விட்டான், கூடத்தைத் தாண்டினான், கதவைத் தள்ளினான், தாழ் போட்டிருக்கவில்லை, சட்டையைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே கதவுக்குப் பின்னால் இருக்கிற ஆணியில் மாட்டினான். ஆணி அங்கேயே இருந்தது. சுண்ணாம்பு மாறியிருக்கிறது, கட்டில் மாறியிருக்கிறது, கொசுவலை மாறியிருக்கிறது, அந்த ஒரு ஆணியை யாரும் பிடுங்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, "மைமூன், தண்ணி" என்று சத்தமாகக் கூப்பிட்டான். களைப்பில் கூப்பிட்ட குரல், வெளிநாட்டிலிருந்து வந்தவன், வெளியிலிருந்து வந்தவன், வீட்டுக்கு வந்தவன் கூப்பிடுகிற குரல். பின்னால் மெத்தை அசைந்தது. ஜுபைர் கைலியை இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றான், கன்னத்தில் தலையணை மடிப்பு. "மாமா… இருங்க மாமா, இருங்க, நான் எடுத்துட்டு வர்றேன்." அவன் ஓடினான், உண்மையாகவே ஓடினான். அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கூடத்து மூலையில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற மாமிக்குக் காது மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து கத்தினாலும் என்ன என்ன என்பார், ஆனால் அந்தக் குரல் மட்டும் எப்படியோ அவர் காதுக்குள் போய்விட்டது. தஸ்பீஹ் உருட்டுவதை நிறுத்தி, அடுக்களைப் பக்கம் திரும்பி, பழைய குரலில், "மைமூன், மாப்பிள்ளை வந்தாச்சு பாரு" என்றார். அடுக்களையிலிருந்து யாரும் வரவில்லை. தண்ணீர்ச் செம்போடு ஜுபைர் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டான். மாமியின் முகத்தில் அது மெதுவாக ஏறியதை ஷாதுலி அறை வாசலில் நின்று பார்த்தான். எப்போது எழுந்தான், எப்படி வாசலுக்கு வந்தான் தெரியாது. சட்டை இல்லாமல் நின்றிருந்தான். மாமி அவனைப் பார்க்கவில்லை. தஸ்பீஹை விட்ட இடத்திலிருந்து எடுக்க முடியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார். படியேறினான். ராத்திரிச் சாப்பாட்டில் ஜுபைர் கறியில் நல்ல துண்டாகப் பொறுக்கி, சேர்ந்து உண்ணும் சஹனில் இவன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான்.

படியில் சத்தம். ஜுபைர் இல்லை, வளையல். ஹஃப்ஸா ஒரு கையில் டீயும் மறு கையில் மடித்த சட்டையுமாக வந்து மூச்சு வாங்கினாள்.

"ஏன்மா ஏறி வந்தே? படியேறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லலையா?"

"ஓடக்கூடாதுன்னுதான் வாப்பா சொன்னாங்க. நான் ஓடியா வந்தேன், ஆனை மாதிரில்ல வந்தேன்." சட்டையைப் பாய்மேல் வைத்தாள். "தோச்சுட்டேன். பை முழுக்கக் கிராம்பு. சட்டையில பிரியாணியா போடப் போறீங்க?"

இவன் சிரித்தான். டீயை வாங்கி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தான், நாக்குச் சுட்டது. அவள் ஒரு தேக்சாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள், சின்ன வயதில் உட்காருகிற மாதிரியே, ஆனால் வயிற்றில் கை வைத்துக்கொண்டு. கன்னம் மைமூன், முன்நெற்றி இவன்.

"வாப்பா, நேத்து நடந்ததுக்கு அவங்க ஒண்ணும் நினைக்கலை. சிரிக்கக்கூட இல்லை."

"யாரு?"

"அவங்கதான்." புருஷன் பெயரை அவளும் சொல்வதில்லை. "ராத்திரி முழுக்க யோசிச்சிருக்காங்க போல. காலையில சொல்றாங்க, மாமா பாவம், நான் போனதும் ரூமை அவங்களுக்கே விட்டுடு, நீ உம்மம்மா கூடப் படுத்துக்கோன்னு. எனக்கும் அதுதான் சரின்னு படுது. உம்மம்மாவுக்கும் துணையாச்சு. நீங்க கீழயே வந்துடுங்க வாப்பா."

"அவர் மறுபடி லீவுல வந்தா?"

"அப்போ ரெண்டு மாசம் மேல வந்துக்கலாம்ல? என்ன, ஏறி இறங்குறதுதானே." அவள் வெகு சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க போகலைதானே?" என்றாள்.

"பார்க்கலாம்."

"வாப்பா பார்க்கலாம்ன்னு சொன்னா இல்லைன்னு அர்த்தம்னு உம்மா சொல்லுவாங்க." சட்டையின் மடிப்பை நீவிவிட்டாள். "எனக்குப் பயமா இருக்கு வாப்பா. அவங்களும் இருக்க மாட்டாங்க. உம்மாவும் இல்லை. வெளிய யாரு நிப்பா?"

"லாத்தா மாமி வருவா. உம்மம்மா இருக்காங்க."

"உம்மம்மாவா? குழந்தை பிறந்துடுச்சுன்னு சொன்னா என்ன என்னம்பாங்க." சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறு எங்கோ போனது. எழுந்து காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பி, "இது உங்க வீடுதான் வாப்பா" என்றாள். மைமூன் வீட்டில், அவள் மகள் வாயால், அவனுக்கு முதன்முறையாக யாரோ அதைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி, ஆனை மாதிரியே, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

ஏறி இறங்குவதுதானே. கிணற்று வாளி ஏறி இறங்குகிறது, அதற்கு என்ன குறை. ஜுபைர் ரயிலேறிய அன்றே இவனுடைய தலையணை கீழே போகும், பச்சைச் சுவர், புதுக் கட்டில், அந்தப் பிள்ளைகளின் வாசனை உள்ள மெத்தையில் மைமூனின் புருஷன் படுத்திருப்பான், மாமி கூடத்திலிருந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு கணம் மகள் பெயர் தொண்டை வரை வந்து திரும்பும் அவருக்கு. ஜுபைர் வருகிறான் என்று போன் வந்ததும் மெத்தை வெயிலில் காயும், தலையணை மேலே ஏறும். ஹஃப்ஸா வயிற்றில் இருப்பது பெண்ணாக இருந்தால், அவளுக்கு இந்த வீடு, ஜுபைர் ஒரு நாள் இந்தப் பாயில் படுத்து இருமுவான், இவன் அப்போது எங்கே இருப்பான், ஊர்க்கோடி மையவாடியில் மண்ணுக்குள் இருப்பான், அங்கே யாருக்கும் யாரும் எழுந்து நிற்கவேண்டியதில்லை. குற்றம் சொல்ல ஒருவர் இல்லையே, இந்த வீட்டில் ஒவ்வொருவரும் அவனுக்கு இடம் விட்டுத்தருகிறார்கள். ஜுபைர் அறையைத் தருகிறான், ஹஃப்ஸா வீட்டையே தருகிறாள், மாமி தண்ணீரில் ஓதித் தருகிறார். வாங்கிக்கொள்ளத்தான் கை வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை. வெளிய யாரு நிப்பா. மருத்துவமனை நீள்வராந்தா, பச்சைத் திரை, பெஞ்சு, பெஞ்சில் யாருமில்லை. மகள் பிறந்தபோது அவன் இல்லை, மகள் பெறும்போதும் இல்லையென்றால். ஊர் என்ன சொல்லும். ஊர் ஒன்றும் சொல்லாது, இந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படிப் பிறந்தவைதான், வராந்தாவில் எப்போதும் பெண்கள்தான் நிற்கிறார்கள், அதற்காக அவள் பயம் பயமில்லாமல் போய்விடுமா. இருந்துவிட்டால், நாலு மாதம்தானே. நாலு மாதத்துக்குப் பிறகு நாற்பதாம் நாள், அப்புறம் பல் முளைக்கும், அப்புறம் நடக்கும், பெத்தப்பா என்று மழலையில் கூப்பிடும், அந்தக் கூப்பாட்டை விட்டு எந்த மனுஷன் கிளம்புவான். அவன் கிளம்பமாட்டான். தன்னை அவனுக்குத் தெரியும். அது முழுச் சந்தோஷமாகவும் இருக்கும், அதுதான் பயம், சந்தோஷமாகவே இந்தப் படியில் ஏறி இறங்கி முடிந்துவிடுவான். கீழே கதவு திறந்தது. ஜுபைரின் செருமல், பாத்ரூம் குழாய், முடுக்கில் செருப்பு, தொழுகைக்குப் பிந்திப் போகிறவனின் அவசர நடை. இப்போது இறங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். தாகம் போய்விட்டிருந்தது. வெயில் சஹன் தட்டுகளின் அடுக்கில் விளிம்பு விளிம்பாக நின்றது. போனை எடுத்தான், கீழே வைத்தான், துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டான், பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி கழற்றிப் போட்டான். பள்ளி மூட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஹைஃபாங்கில் இந்நேரம் விளக்கு போட்டிருப்பார்கள்.

பதினைந்தாம் தேதி வருகிறேன் என்று லானுக்கு எழுதி அனுப்பினான். பிறகு கீழே இறங்கிப் போய், அடுக்களை வாசலில் நின்று, குழந்தை பிறக்கும்போது தான் இருக்கப்போவதில்லை என்று ஹஃப்ஸாவிடம் சொன்னான்.